பதினேழாம் நம்பர் ஆணி

— கட்டிலுக்கு அடியில வேண்டாம் சுலோ. சோதனைக்கு வர்றவங்க மொதல்ல குனியற எடமே அதுதான்.

— தோ பாருங்க, சோதனைக்கு வர்றார்னு உங்ககிட்ட யாரு சொன்னது?

— யாரும் சொல்லலை. அதனாலதான் இந்த ஏற்பாடு. காலையில போன்ல ஒரு குரல். "பழைய ஆயுதச் சாமான் குரூப்புல ஸ்பேனர் படம் போட்டது நீங்கதானா?"ன்னு கேட்டுச்சு. நானும் ரசிகர்னு நெனச்சு, ஆமாங்கன்னேன். "அந்தப் பதினேழாம் நம்பர இனிமே யாருக்கும் காட்டாதீங்க. நாலு மணிக்கு வரேன், ஊடு எங்க?" அவ்வளவுதான். பருத்திப்பட்டு, ஏரிக்குப் பின்னாடி மஞ்சள் கட்டடம், மூணாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யலை, பாத்து ஏறுங்கன்னு வழியும் சொல்லி வச்சிட்டேன்.

— பிடிக்க வர்றவருக்கு லிஃப்ட் நிலவரம் வேறயா?

— வயசான குரலா இருந்துச்சு. மூச்சு வாங்கக் கூடாதில்ல.

— பேராவது கேட்டீங்களா, மிஸ்டர் கிருபாகரன்?

— கேக்கறதுக்குள்ள வச்சிட்டார். ஆவடி ராணுவ பாக்டரியில முப்பத்தாறு வருஷம் வேலை பாத்து ரிட்டையர் ஆனவராம். அதை மட்டும் சொன்னார்.

— ரிட்டையர் ஆனவர் எப்படிங்க பிடிப்பாரு?

— அவர் பிடிக்க வேண்டாம், கை காட்டினா போதும். இந்தக் குறியைப் பாரு.

— கோழிக்கால்.

— கோழிக்கால் இல்லை, அம்பு. வெள்ளைக்காரன் ராணுவ முத்திரை. இது சர்க்கார் சொத்து, தொட்டா தொலைஞ்சேன்னு அர்த்தம். எண்பது வருஷமா அது கத்திக்கிட்டே இருக்கு. நான் என்னடான்னா, ஆகா என்ன அழகான எழுத்துன்னு எண்ணெய் போட்டுத் தொடைச்சு ஹால்ல மாட்டியிருக்கேன். ஒண்ணா ரெண்டா, அறுபத்து மூணு.

— கோயில் பிரகாரத்துல நிக்கிற மாதிரி வரிசையா.

— நாயன்மார்களாவது கும்பிட வந்தவங்களைக் காப்பாத்துவாங்க. இவங்க என்னைப் புழல் ஜெயிலுக்குத்தான் அனுப்புவாங்க போலிருக்கு. அந்தப் புடவையை இப்படிக் குடு, டாங்கி செயின் ஸ்பேனரைச் சுத்தணும்.

— அது என் கல்யாணப் பட்டு. கீழ வைங்க. எதுக்கு இப்படிப் பதறறீங்க? எல்லாமே நசரத்பேட்டை எத்திராஜ் கடையில வாங்கினதுதானே? பழைய இரும்பு ஏலத்துல எடுத்து விக்கிறவர். துண்டுச் சீட்டாவது குடுத்திருப்பாரே?

— அறுபத்து ரெண்டுக்குக் குடுத்திருக்கார்.

— மீதி ஒண்ணு?

— நான் என்ன சொல்றேன்னா...

— அப்படி ஆரம்பிச்சீங்கன்னா எதையும் சொல்லப் போறதில்லைன்னு அர்த்தம். பதினேழாம் நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு?

— கோவப்படக் கூடாது.

— அது நீங்க சொல்றதைப் பொறுத்தது.

— உங்கப்பா தெவசம் முடிஞ்சு, அத்தையை மாங்காட்டுல உன் தங்கச்சி வீட்டுல விட்டுட்டு, ஆவடி வீட்டைக் காலி பண்ணோமே. பூஜை அலமாரியை ஒழிச்சது நான்தான். படங்களை எடுத்தேன். பின்னாடி மஞ்சத் துணியில என்னமோ கனமா இருந்துச்சு. பிரிச்சேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து ரெண்டாம் வருஷத்துக் கொக்கி ஸ்பேனர், பிடியில பதினேழுன்னு நம்பர் வெட்டியிருக்கு. பீரங்கி மூக்குல இருக்கிற வளையத்தைக் கழட்டறதுக்குன்னே அடிச்சது. ஊர்ல பத்து இருந்தாலே அதிகம். விட மனசு வரலை சுலோ. உன்கிட்ட கேட்டா மாட்டேன்னுடுவியேன்னு...

— பையில போட்டுக்கிட்டீங்க.

— சாப்பாட்டுப் பையில.

— இப்படிக் காட்டுங்க. அதை ஏன் முதுகுக்குப் பின்னாடி வச்சிருக்கீங்க? காட்டுங்க.

— மெதுவா. பள்ளத்துல சிவப்புப் பூச்சு இருக்கு, உதிரும்.

— இது முருகர் ஸ்பேனர்ங்க.

— என்ன ஸ்பேனர்?

— நாங்க அப்படித்தான் சொல்லுவோம். முருகர் படத்துக்குப் பின்னாடியே இருக்கும். யாரும் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா அம்மா மட்டும் எடுத்துக் குங்குமம் வச்சிட்டுத் திரும்ப வச்சிடுவாங்க.

— குங்குமமா?

— பின்ன அது என்னன்னு நெனச்சீங்க?

— மூணு நாள் பூதக்கண்ணாடி வச்சு ஆராய்ச்சி பண்ணேன். எழுத்துப் பள்ளங்களில் போர்க்காலச் சிவப்பு ஈயப் பூச்சின் எச்சம் தெளிவாகத் தெரிகிறதுன்னு ஒரு பத்தி எழுதிக் குரூப்புல போட்டேன். இங்கிலாந்துலேர்ந்து ஒருத்தர் அபாரம்னு பதில் போட்டிருக்கார். நம்ம ஊரு கடைக் குங்குமத்துக்கு. சிரிச்சுடு சுலோ, நானே சிரிக்கிறேன். ஏன் உக்காந்துட்டே?

— மணி என்ன?

— மூணே முக்கால். முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?

— ஏங்க, வர்றவரு குரல் எப்படி இருந்துச்சு? ஊடு, அத்த, இத்தன்னா பேசினாரு?

— ஆமா, அசல் ஆவடி. ஏன்?

— பிட்டரா வேலை பாத்தவரா?

— கேக்கலைன்னேனே. சுலோ, பயமுறுத்தாதே. எனக்கு ஏற்கெனவே இருக்கிற பயத்தை வைக்கவே எடம் இல்லை.

— அப்பா பாக்டரியில என்ன வேலை பாத்தார்னு தெரியுமா உங்களுக்கு?

— டூல் ரூம். உங்கப்பா ஹேமநாதன் பேரைச் சொன்னா இன்னிக்கும் மரியாதை. நேர்மையான மனுஷன், ஒரு ஆணி கூட வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததில்லைன்னு நம்ம கல்யாணத்துல நாலு பேர் சொன்னாங்களே.

— எடுத்துட்டு வந்தது இது ஒண்ணுதான். அதுவும் நான் கேட்டுத்தான்.

— நீ கேட்டியா?

— எட்டு வயசு எனக்கு. ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் முன்னாடி. எதிர்வீட்டு டைலர் கத்தரிக்கோலைத் தேய்ச்சு வச்சாரு. பக்கத்து வீட்டு டிரைவர் லாரிக்கே மாலை சொல்லி வச்சாரு. எங்கப்பாவுக்கு என்ன இருக்கு? ஒரு ரிஜிஸ்டரும் ரப்பர் ஸ்டாம்பும். நம்ம வீட்டுல மட்டும் ஏம்ப்பா ஆயுதமே இல்லைன்னு கேட்டேன். மறுநாள் சோத்துப் பையில இதைக் கொண்டுவந்தாரு. பூஜைக்கு வச்சிட்டு, லீவு முடிஞ்சதும் எடுத்துட்டுப் போய் மாட்டிடலாம்னு.

— மாட்டலை.

— மாட்ட முடியலை. அந்த டூல் ரூம் எப்படின்னா, ஒரு பெரிய பலகை, வரிசையா நம்பர் போட்ட ஆணி. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பேனர். பிட்டர் வந்து தன்னோட பித்தளை டோக்கனைக் குடுத்தா, அப்பா ஸ்பேனரை எடுத்துக் குடுத்துட்டு, அதே ஆணியில டோக்கனை மாட்டுவாரு. ஒண்ணு ஸ்பேனர் தொங்கணும், இல்லே டோக்கன் தொங்கணும். வெறும் ஆணின்னு ஒண்ணு இருக்கவே கூடாது.

— இருந்தா?

— ஸ்பேனரை பீரங்கிக்குள்ள மறந்து விட்டுட்டாங்கன்னு அர்த்தம். அதோட சுட்டா சுடறவன் என்ன ஆவான்? கிடைக்கிற வரைக்கும் எல்லாத்தையும் பிரிப்பாங்க.

— ஆனா அன்னிக்கு ஆணி வெறுமனே இருந்திருக்குமே?

— அங்கதான் அப்பா தப்புப் பண்ணாரு. பூஜைக்காக டோக்கனையெல்லாம் புளி போட்டுத் தேய்ச்சு, பொட்டு வச்சு, கொத்தா ஒரு தட்டுல வச்சிருந்தாங்களாம். நாலு நாள் லீவு. பதினேழாம் ஆணி காலியா இருந்தா உறுத்துமேன்னு, கைக்கு வந்த கூட்டாளி டோக்கனை எடுத்து அதுல மாட்டிட்டாரு. நாலு நாள்தானே, வந்து மாத்திடலாம், அவன் கோவிச்சுக்க மாட்டான்னு. லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கு விடியக்காலையிலயே மேலதிகாரிங்க வந்து எண்ணிட்டாங்க. அப்பா பையோட பாக்டரி கேட் வரைக்கும் போனாரு. எல்லார் பையையும் சோதிச்சுட்டு இருந்தாங்களாம். காய்ச்சல்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டாரு. அடுப்படியில அம்மா மடியில தலையை வச்சு அழுதாரு. எனக்கு அப்ப ஒண்ணும் புரியலை. அழுதது மட்டும் ஞாபகம் இருக்கு.

— அந்தக் கூட்டாளி?

— அவர் கை வச்ச பீரங்கி பன்னெண்டு. பதினொண்ணைப் பிரிச்சுப் பாத்தாங்க, ஒண்ணுமில்லை. பன்னெண்டாவது ஏற்கெனவே ரயில் ஏறி எல்லைக்குப் போயிருந்துச்சு.

— ஐயையோ.

— அதுலதான் இருக்குன்னு முடிவு கட்டி, அவருக்கு மெமோ குடுத்தாங்க. பிரமோஷன்ல சார்ஜ்மேன் ஆக வேண்டியவரு, கடைசி வரைக்கும் பிட்டராவே ரிட்டையர் ஆனார்னு அப்பா ஒருதரம் சொன்னாரு. அன்னிக்கு அப்பா சாப்பிடலை. அந்த மாமா எங்க வீட்டுக்கு வர்றதையும் அந்த வருஷத்தோட நிறுத்திட்டாரு.

— அவர் பேரு என்ன சுலோ?

— மணவாளன். எங்கயோ ஒரு சிப்பாய் தன்னாலதான் செத்திருப்பானோன்னு முப்பத்தஞ்சு வருஷம் ஒருத்தர் நெனச்சுட்டு இருந்திருப்பாருங்க. வர்றது அவரா இருந்தா என்ன பண்றது?

— வேற யாராவதா இருக்கும். பாக்டரியில ஆயிரம் பேர்... காலிங் பெல் அடிக்குது.

— நான் உண்மையைச் சொல்லிடறேன்.

— பொறு. உங்கப்பா போய் ஒரு வருஷந்தான் ஆச்சு. மாங்காட்டுல அத்தை காதுக்குப் போனா அவங்க தாங்குவாங்களா? நீ வாயைத் திறக்காதே. நான் சமாளிக்கிறேன். எனக்குப் பொய் சொல்லி நல்ல பழக்கம், ஆபீஸ்ல தினம் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் குடுக்கிறேன். வரேன் சார், வரேன், தாழ்ப்பாள் மாட்டிக்குச்சு. வாங்க. உக்காருங்க. படி ஏறி மூச்சு வாங்குதா?

— முட்டிதான் கொஞ்சம் பேஜார் பண்ணுது நைனா. நீங்கதான் போன்ல பேசினவரா? நான் மணவாளன். இன்னா இது, ஊடெல்லாம் பொடவையில மூட்டை கட்டி வச்சிகீறீங்க, காலி பண்றீங்களா?

— சும்மா, வெள்ளை அடிக்கலாம்னு. இவங்க என் ஒய்ஃப், சுலோசனா.

— வாங்க மாமா.

— மாமாவா? இரு இரு. இந்த நெத்திய நான் பாத்துகீறேன். நீ ஹேமநாதன் பொண்ணு இல்ல? மூணாங் கிளாஸ் படிக்கச்சொல்ல கிட்டக்க பாத்தது.

— ஆமா மாமா.

— அட. அப்ப இது உன் ஊடா. இவுரு ஹேமநாதன் மாப்ளையா. சரி சரி. எனிக்கு ஒரு சொம்பு தண்ணி குடும்மா.

— தோ, டேபிள் மேலயே இருக்கு மாமா.

— இது ஜில்லுனு கீதுமா. பல்லு கூசும். கொஞ்சம் வெந்நி வச்சினு வாயேன்.

— பிளாஸ்குல இருக்கு, ஊத்தறேன்.

— ஓ, பிளாஸ்கு. ரொம்ப நல்லது. அப்பா காரியத்துக்கு வந்தேன்மா. பின்னால நின்னுட்டு, மால போட்டுட்டுப் பூட்டேன். நீ அழுதுகினு இருந்த. மாப்ளே, அந்தச் சாமான கொஞ்சம் கையில குடு.

— இதுதான் சார். ஜாக்கிரதை, கனம்.

— கனம் எனிக்குத் தெரியாதா. இந்தக் கொக்கிய வளையத்துல மாட்டி ஒரே இழு இழுத்தா, பீரங்கி வாயத் தொறந்துடும். பதினேழு. அதே நம்பரு. ஏம்மா, ஒரு காப்பி குடிக்கலாம்னு பாக்கறேன். கஷ்டம் இல்லன்னா.

— போடறேன் மாமா. இதைப் பேசி முடிச்சிட்டுப் போடறேன்.

— பேச இன்னா கீது, ஒண்ணுமில்ல. நீ போ, டிகாஷன் எறங்க நேரம் ஆவும்ல.

— இன்ஸ்டன்ட்தான் மாமா. ரெண்டு நிமிஷம்.

— அதுவும் அப்படியா. சரி மாப்ளே, நேராவே கேக்கறேன். இது உங்களுக்கு எங்க கெடச்சிது?

— பழைய இரும்புக் கடையில சார். நசரத்பேட்டை, பெங்களூர் ஹைவே மேல, எத்திராஜ்னு ஒருத்தர். பெரிய கடை.

— கடையிலயா?

— ஆமா சார்.

— ரொம்ப நல்லது. யாரு கேட்டாலும் அதையே சொல்லு.

— நம்பலையா சார்? சத்தியமா. அந்த எத்திராஜே சொன்னார். எங்கயோ வடக்க, ஒரு பழைய பீரங்கியை ஏலத்துல எடுத்து உடைச்சாங்களாம். உடைக்கும்போது உள்ளேர்ந்து டங்குன்னு இது விழுந்துச்சாம்.

— ஏங்க.

— நீ இரு சுலோ. அவரே சொன்னார் சார், டங்குன்னு.

— பீரங்கிக்குள்ளேர்ந்தா விழுந்திச்சி?

— ஆமா சார். அதாவது... அப்படித்தான் அவர் சொன்னார்.

— சரி. அப்படின்னா வுட்டது நான்தான். டோக்கன் என்னுது. மெமோ குடுத்தது நியாயந்தான். ஹேமநாதன் பாவம், என்னாலதான் அந்தாளு டூல் ரூமுல அவ்ளோ பேச்சு கேட்டான். சரி மாப்ளே, வெசயம் தெரிஞ்சிபோச்சி. நான் கெளம்பறேன்.

— ஏங்க, நீங்க என்ன சொன்னீங்கன்னு உங்களுக்குப் புரியுதா?

— சுலோ, நான் என்ன சொல்றேன்னா... கடவுளே. பீரங்கின்னு நான் ஏன் சொன்னேன்? கடையோட நிறுத்தியிருக்கலாமே.

— மாமா, உக்காருங்க. போகாதீங்க.

— இருட்டறதுக்குள்ள பஸ்ஸு புடிக்கணும்மா.

— இது எந்தக் கடையிலயும் வாங்கலை. எந்தப் பீரங்கியிலயும் இல்லை. எங்க வீட்டுல இருந்துச்சு மாமா. முருகர் படத்துக்குப் பின்னாடி. ஆயுத பூஜைக்கு அப்பா கொண்டு வந்தாரு. நான் கேட்டேன்னு கொண்டு வந்தாரு. உங்க டோக்கனை மாட்டினதும் அவர்தான். நீங்க எதையும் விடலை. உங்களால யாரும் சாகலை. இந்தச் சிவப்பு எங்கம்மா வச்ச குங்குமம் மாமா. கையில தேய்ச்சுப் பாருங்க, வரும்.

— அந்தக் காப்பி போடறேன்னியேம்மா.

— மாமா, நான் சொன்னது கேட்டுச்சா?

— கேட்டுச்சி. அழுவாத. இது தெரியக் கூடாதுன்னுதானே உன்னிய மூணு தபா அடுப்பங்கரைக்கு அனுப்பப் பாத்தேன். இன்னா ஊடும்மா இது, எத்த கேட்டாலும் ரெடியா கீது.

— உங்களுக்கு... தெரியுமா?

— அந்த வருச தீவாளிக்கு அதிரசம் குடுக்க உங்க ஊட்டாண்ட வந்தேன். உங்கப்பன் என்னியப் பாத்துட்டு, குளிக்கறன்னு கொல்லப்பக்கம் பூட்டான். நீதான் துண்ணூறு இட்டுக்குங்க மாமான்னு இட்டுகினு போன. தட்டுல கைய வெச்சேன். முருகர் தோளுக்குப் பின்னால இந்தக் கொக்கி எட்டிப் பாக்குது. பொட்டு வச்சிகினு.

— அப்பவே கேட்டிருக்கலாமே சார். ஒரு வார்த்தை.

— அத்த இன்னான்னு சொல்றது மாப்ளே. அதுக்கு முன்னாடி பதினஞ்சு ராத்திரி நான் கண்ண மூடல. ரயில்ல போன அந்தப் பீரங்கி மட்டுந்தான் கண்ணு முன்னால நிக்கிது. யாரு பெத்த புள்ளயோ கயித்த இழுக்குது, வெடிக்குது. பாத்ரூம் கதவு சாத்தற சத்தத்துக்கெல்லாம் எழுந்து உக்காருவேன். அன்னிக்கு உங்க ஊட்டுல இத்தப் பாத்துட்டு, திரும்பிப் போயி, பட்டாசு சத்தத்துல படுத்தவன், மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்கினேன். என் பொண்டாட்டி பயந்துபோயி மூக்காண்ட கைய வெச்சிப் பாத்தா.

— கோவம் வரலையா மாமா?

— வந்துச்சி. தூங்கி எழுந்தப்புறம் வந்துச்சி, வராம இருக்குமா? நல்லாவே வந்துச்சி. ஆனா சொன்னா அந்தாளுக்கு வேல பூடும். சர்க்கார் சொத்து, திருட்டுன்னு எழுதிடுவான். எனிக்கு மெமோதானே. அத்த மடிச்சி டிரங்குப் பொட்டியில வச்சிட்டேன்.

— அப்புறம் ஏன் எங்க வீட்டுக்கு வர்றதை நிறுத்தினீங்க?

— நான் எதுர்ல உக்காந்தா உங்கப்பனுக்கு சோறு எறங்கல. கைய பெசஞ்சிகினே இருப்பான். எனிக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. சொல்லிட்டா தாங்கமாட்டான். நான் வந்தாத்தானே அந்தக் கஷ்டம், நின்னுட்டேன்.

— இப்ப அவர் பீரங்கின்னு உளறினாரே. அதுக்கு ஏன் தலையாட்டினீங்க? தப்பு என்னுதுன்னு ஏன் சொன்னீங்க?

— உன் ஊட்டுக்காரரு அவ்ளோ கஷ்டப்பட்டு ஒரு கதய ஜோடிச்சாரு. டங்குனு விழுந்துச்சின்னு சவுண்டு வேற குடுத்தாரு. உனிக்கு எதுவும் தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தேன். பொண்ணு முன்னால அப்பன வுட்டுக் குடுக்க முடியுமா?

— சார், என்னை மன்னிச்சிடுங்க. இனிமே என் வாழ்க்கையில ரெண்டாவது வாக்கியம் சேர்க்கவே மாட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் புரியலை. எல்லாம் தெரிஞ்சிருந்தும், முட்டி வலியோட, மூணு மாடி ஏறி, எதுக்கு இவ்வளவு அவசரமா வந்தீங்க?

— போன்லயே சொல்லிருப்பேன். வெளியாளா இருந்தா இன்னா ஏதுன்னு நோண்டுவான், அதான் நேர்ல வந்தேன். நீ போட்டது எங்க ரிட்டையர்டு ஆளுங்க குரூப்பு வரைக்கும் வந்துடுச்சி மாப்ளே. அந்தப் படத்த மொதல்ல எடு. பதினேழாம் நம்பர் ஆணி யாரு பொறுப்புல இருந்துச்சின்னு தெரிஞ்சவன் அதுல இன்னும் மூணு பேரு கீறான்.